கடலோரம் விழும் இரண்டு அருவிகள்: மெக்வேயா, அலமியரா?

கலிஃபோர்னியாவில் கடற்கரையிலேயே விழும் அருவியைப் பார்க்க நினைப்பவர்கள் இந்த இரண்டில் எது என்றுதான் கேட்பார்கள். எந்த மாதம் போகிறீர்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, பிக் சர் பகுதியில் இருக்கிறது மெக்வே. சுமார் 80 அடி உயரம். மழையே பெய்யாத கோடையிலும் வற்றாது. ஒரு காலத்தில் நேராகக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. 1983-ல் ஏற்பட்ட பெரிய மண்சரிவுக்குப் பிறகுதான் அடியில் மணல் சேர்ந்தது. அந்த மணலில் கால் வைக்க அனுமதி இல்லை. மேலே உள்ள பாதையில் சிறிது தூரம் நடந்து, அங்கிருந்தே பார்க்க வேண்டும்.

ஆக, இங்கே தண்ணீரைப் பற்றிக் கவலையில்லை, வானமும் சாலையும்தான் பிரச்சினை. ஜூன், ஜூலையில் குளிர்ந்த கடலிலிருந்து மூடுபனி ஏறி, பல நாள் காலையில் எதிரே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாது. செப்டம்பர், அக்டோபரில் பனி விலகும். மாலை வெயில் பட்டதும் குடாவின் நீர் பச்சையும் நீலமுமாகத் தெளிந்து நிற்கும். வெள்ளை நூலாக அருவி மணலில் இறங்கும். எனக்கு இதுதான் மெக்வேயின் உச்சம். டிசம்பர், ஜனவரியில் தெற்கே நீந்தும் சாம்பல் திமிங்கிலங்கள் கண்ணில் படலாம். ஆனால் மழைக்காலத்தில் அங்கே போகும் கடலோரச் சாலையான நெடுஞ்சாலை 1-ஐ நம்ப முடியாது. 2017-ல் சரிந்த மலை அதை ஓராண்டுக்கு மேல் துண்டித்தது.

அலமியர் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, பாயின்ட் ரேயஸ் தேசியக் கடற்கரைப் பூங்காவில். உயரம் பாதிதான், சுமார் 40 அடி. போய்வர 13 மைல் நடக்க வேண்டும். அப்புறம், கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துத்தான் மணலில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பாறைச்சுவருக்கும் அலைக்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள். அத்தனைக்கும் கூலி, அருவிக்கு நேர் எதிரே, சாரல் முகத்தில் படும் தூரத்தில் நிற்கலாம். ஆனால் இது குளிர்கால மழையை நம்பிய அருவி. இலையுதிர் காலத்தில் மெலிந்துபோகும். மார்ச், ஏப்ரல்தான் சரி: நீரும் இருக்கும், வழியெல்லாம் காட்டுப்பூக்களும் இருக்கும். குறுக்குவழி ஒன்று உண்டு என்பார்கள். உதிரும் பாறை, தொட்டால் அரிக்கும் நச்சுச்செடி, உண்ணி எல்லாம் அதில்தான். பூங்கா நிர்வாகமே வேண்டாம் என்கிறது, போகாதீர்கள்.

குழந்தைகளோ வயதானவர்களோ உடன் வந்தால் எந்த மாதமானாலும் மெக்வேதான். நடக்கத் தெம்பிருந்து, வசந்தத்தில் ஒரு முழு நாளும் கையில் இருந்தால், யோசிக்காமல் அலமியருக்குப் போங்கள்.