அம்மாச்சி உணவகம்: ஏ9 வீதியில் சின்னப்பிள்ளைகளோடு போகிற குடும்பத்துக்கு

வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கோ அதற்கு அங்காலோ இரண்டு சின்னப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போகிற குடும்பத்துக்குக் காசு ஒழுகுவது பஸ் கட்டணத்தில் அல்ல, வழிச்சாப்பாட்டில்தான். பஸ்ஸில் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் காசில்லை, 12 வயது வரை அரை ரிக்கற். சாப்பாட்டுக் கடையில் அப்படி ஒரு கணக்கு இல்லை. சோறு பெரியவர் அளவுக்குத்தான் போடுவார்கள். மூன்று வயதுப் பிள்ளை அதில் ஐந்து வாய் தின்னும், கறி உறைக்குது என்று அழும், கடைசியில் பக்கத்துக் கடையில் பிஸ்கற்றும் சோடாவும் வாங்கிக் கொடுத்துத்தான் பஸ் ஏற்ற வேண்டி வரும். ஒரே பிள்ளைக்கு இரண்டு தரம் செலவு, வயிறும் நிரம்பவில்லை.

இந்தச் சிக்கலுக்கு வன்னியில் இருக்கிற நல்ல விடை அம்மாச்சி உணவகம். வடமாகாண விவசாய அமைச்சு தொடக்கிவைத்த பாரம்பரிய உணவகங்கள் இவை. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கிற ஏ9 வீதியில் போகிறவர்களுக்கு உதவுபவை வவுனியாவில் உள்ளதும் கிளிநொச்சி மாவட்டத்தில் இரணைமடுச் சந்தியில் உள்ளதும். ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு பகுதியில் நின்று, வாடிக்கையாளர் கண் முன்னாலேயே சமைத்து விற்கிறார்கள். உழைப்பவர் கைக்கே காசு போகிறது என்பது பெரிய விஷயம். ஆனால் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: இங்கே எல்லாம் எண்ணிக்கையில் வாங்கலாம். ஒரு தோசை, மூன்று இடியப்பம், ஒரு கொழுக்கட்டை என்று பிள்ளையின் வயிற்றுக்கு அளந்து வாங்கலாம். போதாவிட்டால் எழும்பிப் போய் இன்னொன்று. மிச்சம் விட்டுக் கொட்டுகிற சாப்பாடு இல்லை. 2022 க்குப் பிறகு எல்லா இடத்திலும் விலை ஏறியது போல இங்கேயும் ஏறித்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் நாலு பேர் வயிறாரச் சாப்பிட இந்த வீதியில் இதைவிடச் சிக்கனமான ஒழுங்கு கிடைப்பது கடினம்.

உள்ளே போய் மேசையில் குந்திக்கொண்டு ஆள் வரும் என்று பார்த்தால் ஒருவரும் வரமாட்டார்கள். நாங்களேதான் அடுப்படிக்குப் போய்க் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருவர் பிள்ளைகளோடு சுவர் ஓரமாக, அடுப்புகளுக்கு எட்டத்தில் ஒரு மேசையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் வாங்கப் போகட்டும். போகிறவர் முதலில் ஒன்றும் வாங்காமல் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவது நல்லது. எந்த அடுப்பில் எது இப்போது சூடாக இறங்குகிறது என்று தெரிந்தால்தான் ஆறிப்போனதை வாங்காமல் தப்பலாம்.

வாங்குகிற ஒழுங்கில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். அப்பமும் தோசையும் சொன்ன பிறகு சுடுபவை. அப்பச்சட்டியில் ஒரு தரத்துக்கு ஒன்றுதான் வேகும், முன்னால் நாலு பேர் நின்றால் காத்திருப்புக் கூடும். ஆகவே அவற்றை முதலில் சொல்லிவைத்துவிட்டு, அது வேகிற நேரத்தில் அவித்து வைத்திருக்கிற இடியப்பம், பிட்டு, இட்லியை வாங்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குத் தொடங்கி விடவேண்டும். பானம் கடைசியில். இதை மாற்றிச் செய்து பழச்சாற்றை முதலில் மேசைக்குக் கொண்டுபோனால், பசியோடு இருக்கிற பிள்ளை அதையே ஒரே மூச்சில் குடித்து வயிற்றை நிரப்பிவிடும். பிறகு சாப்பாடு இறங்காது, மாங்குளத்தில் பசிக்கும்.

காசை 100, 50, 20 ரூபாய்த் தாள்களாக மாற்றிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு பகுதியும் தனித்தனிக் கணக்கு என்பதால் 5000 ரூபாய்த் தாளை ஓர் அப்பத்துக்கு நீட்டினால் அந்த அக்கா சில்லறைக்கு எங்கே போவார்? தனி ஆளாக இரண்டு பிள்ளைகளோடு போகிற தாய்மார் ஒரே பகுதியில் முடிக்கிற மாதிரி வாங்குவது புத்தி: இடியப்பமும் சொதியும். சூடான கோப்பையும் கையில் பிள்ளையுமாக அடுப்படிகளுக்கு இடையில் நடப்பது ஆபத்து.

இனிப் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்பது. தினமும் எல்லாமும் இருக்கும் என்று இல்லை, இடத்துக்கிடமும் மாறும். ஆனால் பொதுவாகக் கிடைப்பவற்றில் சின்னப்பிள்ளைக்கு முதல் தெரிவு பால் அப்பம். நடுப்பகுதி மெத்தென்று இருக்கும், உறைப்பு அறவே இல்லை, தேங்காய்ப்பால் சேர்ந்திருப்பதால் பசியும் தாங்கும். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு நடுவை மட்டும் பிய்த்துக் கொடுத்து, மொறுமொறு ஓரத்தைப் பெரியவர் தின்றுவிடலாம். அடுத்தது இடியப்பம். இரண்டு, மூன்று வயதுக்கு மூன்று போதும், ஐந்து வயதுக்கு ஐந்து. அதைச் சொதியில் ஊறவிட்டு நீளமான இழைகளைக் கையால் குறுக்காகப் பிய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தொண்டைக்குள் பாதி, வெளியே பாதி என்று நின்று ஓங்காளிக்கும். சொதி கறிகளிலேயே உறைப்புக் குறைந்தது என்றாலும் பச்சைமிளகாய் கீறிப் போட்டிருக்கும். "அக்கா, பிள்ளைக்கு, மிளகாய் வராமல் மேலால அள்ளுங்கோ" என்று சொன்னால் புரிந்துகொண்டு அள்ளித் தருவார்கள். அவர்களும் பிள்ளை வளர்த்தவர்கள்தானே.

தோசையில் கவனம் வேண்டும். எங்கள் பக்கத்துத் தோசையில் வெங்காயமும் கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் தாளித்து மாவிலேயே கலப்பது வழக்கம். சம்பலைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் தோசை கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்குவது இதனால்தான். தாளிதம் சேராத மா இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தோசையை வெளிச்சத்துக்குப் பிடித்து, செத்தல் துண்டுகளை விதையோடு நுள்ளி எறிந்துவிட்டுக் கொடுங்கள். பிள்ளைக்கு உறைத்துவிட்டால் தண்ணீர் பருக்குவதால் பயன் குறைவு. ஒரு வாய் அப்பமோ வாழைப்பழமோ கொடுத்தால் எரிவு கெதியாக அடங்கும்.

பிட்டு மலிவு, பசி தாங்கும், ஆனால் உலர்ந்த பிட்டு இரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரைக்கேறும். குரக்கன் பிட்டு இன்னும் உதிரி. வீட்டில் இருந்து கொண்டுபோன கதலியையோ இதரையையோ அதற்குள் பிசைந்து உருண்டையாக்கிக் கொடுங்கள், சீனியும் தேவைப்படாது. நாலு வாழைப்பழம் பையில் இருந்தால் அம்மாச்சியில் பாதிச் சாப்பாட்டைப் பிள்ளைச் சாப்பாடாக மாற்றிவிடலாம். உழுந்து வடையும் கடலை வடையும் பெரியவர்களுக்கு நல்ல சாமான்தான். மிளகும் மிளகாயும் உள்ளே கிடப்பதால் ஐந்து வயதுக்குக் கீழே வேண்டாம். கொழுக்கட்டை, மோதகம் கிடைத்த நாளில் விடாதீர்கள். பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்ந்த அந்த உள்ளுடன் ஒரு கொழுக்கட்டை மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நேரத்துச் சிற்றுண்டி. அவித்த உடனே உள்ளே இருக்கிற சர்க்கரைப் பாணி வாயைச் சுடும். வெளியே ஆறியது போலத் தெரிந்தாலும் பிய்த்து ஆறவிட்டே கொடுக்க வேண்டும்.

இலைக்கஞ்சி காலையில் கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். முதல் தரம் குடிக்கிற பிள்ளை பச்சை நிறத்தைக் கண்டு முகத்தைச் சுளிக்கும். அரைக் கோப்பையைப் பெரியவர் முன்னால் குடித்துக் காட்டி, ஒரு கடி சர்க்கரையோடு கொடுத்தால் பல பிள்ளைகள் குடிக்கும். வற்புறுத்த வேண்டாம். கஞ்சி ஏனத்தில் நெடுநேரம் சூடு நிற்கும் என்பதால் இரண்டு கோப்பை வாங்கி மாறி மாறி ஆற்றிக் கொடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் அம்மாச்சி என்றில்லை, வன்னியில் எந்தக் கடையிலும் ஒரே விதி: பிள்ளையின் தண்ணீர் வீட்டில் இருந்து வரவேண்டும். இங்கே பல கிணறுகளில் தண்ணீர் கடினம். காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியிருக்கிற மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று என்பதால் ஊர்ச்சனமே வடிகட்டிய தண்ணீரைக் காசுக்கு வாங்கித்தான் குடிக்கிறது. ஒரு பிள்ளைக்கு அரை நாளுக்கு ஒரு லீற்றர் கணக்கு வையுங்கள், பங்குனி சித்திரை வெயிலில் ஒன்றரை. மாப்பால் குடிக்கிற குழந்தைக்குக் கொதித்தாறிய தண்ணீர் ஒரு போத்தல், இன்னும் சூடான தண்ணீர் ஒரு சின்ன பிளாஸ்க், மாவைத் தனி டப்பாவில் அளந்து. கரைத்த பாலை வெயிலில் சுமந்துகொண்டு போகாதீர்கள், இரண்டு மணித்தியாலத்துக்குள் பழுதாகும். பழச்சாறு வாங்கினால் ஐஸ் போடாமல், சீனி குறைத்து என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு கோப்பையை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் போதும்.

நேரம் பார்த்துப் போவது பாதி வேலை. பிள்ளைகளோடு போக நல்லது காலை ஒன்பதுக்கு முன். அடுப்பு எல்லாம் எரியும், வெயில் ஏறியிராது. பன்னிரண்டுக்கும் ஒன்றரைக்கும் இடையில் கந்தோர்ச் சனம் வரும், இடம் பிடிப்பது சண்டை. அந்த நேரத்தில் வந்து சேர்கிற பஸ் என்றால் பிள்ளைகளுக்கு முன்னமே ஏதாவது கொடுத்து வைத்துக்கொண்டு இறங்குங்கள். பின்நேரம் தேத்தண்ணி நேரத்தில் பலகாரங்கள் சூடாக இருக்கும், அதுவும் நல்ல நேரம்.

குறைகளும் உண்டு. பிள்ளை இருப்பதற்கென்று உயரக் கதிரை கிடையாது. மடியில்தான் வைத்திருக்க வேண்டும், ஒரு துவாய் இருந்தால் பிள்ளையை இடுப்போடு அணைத்துக் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் சாப்பிடலாம். கை அலம்பும் குழாய் பிள்ளைக்கு எட்டாது, தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பம்பஸ் மாற்றத் தனி இடம் என்று எதிர்பார்க்காதீர்கள். பாயோ பழைய சேலைத் துண்டோ கொண்டுபோய் வெளியே நிழலில் மாற்றிவிட்டு, கழித்ததைக் கட்டி எடுத்துப் போக ஒரு பொலித்தீன் பை வைத்திருங்கள். சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில் வீதிப் பக்கத்து மேசைக்குத் தூசி வரும், உள்பக்கம் இருங்கள். குளிரூட்டியும் மெத்தைக் கதிரையும் தேடுகிறவர்கள் வேறு இடம் பார்க்கலாம். அந்த வசதியின் விலை சாப்பாட்டு விலையில்தான் ஏறியிருக்கும்.

வடக்கு நோக்கிப் போகிறவர்கள் முறிகண்டியில் இறங்கி, பிள்ளையாரைக் கும்பிட்டு, அங்கேயே சாப்பாட்டையும் முடிக்கலாம் என்று நினைப்பதுண்டு. கும்பிடுங்கள், தேங்காயும் உடையுங்கள். பஸ் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்குச் சாப்பாடு தீத்த முடியாது. கச்சான் வாங்கினால் பெரியவர் பையில் இருக்கட்டும். ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கச்சான், அதுவும் குலுங்குகிற பஸ்ஸில், மூச்சுக்குழாயில் சிக்கக்கூடியது. அறிவியல் நகர் கழிய வருவது இரணைமடுச் சந்தி. நடத்துநரிடம் "இரணைமடுச் சந்தி இறக்கம்" என்று ஏறும்போதே சொல்லி வையுங்கள். பிள்ளை, பை, பால்போத்தல் எல்லாவற்றோடும் எழும்பி வருவதற்குள் பஸ் தாண்டிவிடும்.

இறங்கிய செலவுக்கு இன்னொரு பயனும் உண்டு. சந்தியில் இருந்து ஓட்டோ பிடித்தால் இரணைமடுக் குளம். வடக்கின் மிகப்பெரிய குளம், பார்க்கக் காசில்லை. சாப்பிட்ட கையோடு போகிற ஓட்டோவிடம் திரும்பி வருகிற காசையும் சேர்த்துப் பேசிவிடுங்கள், குளக்கட்டில் திரும்பி வர வண்டி தேடி நிற்கக்கூடாது. கட்டில் நிழல் குறைவு, தொப்பி அவசியம். மாரி மழையில் வான்கதவு திறந்திருக்கிற நாட்களில் சின்னப்பிள்ளையின் கையை ஒரு கணமும் விடாதீர்கள்.

தெற்கே போகிறவர்களுக்கும் இதே முறை கைகொடுக்கும்: அங்கே இதே மாதிரியான உணவகங்களை ஹெல போஜுன் என்ற பெயரில் விவசாயத் திணைக்களம் நடத்துகிறது, பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் உள்ளது பேர்போனது. அங்கேயும் பெண்கள்தான் சமைக்கிறார்கள், அங்கேயும் சில்லறைத் தாள்கள் வேண்டும்.

மிச்சப் பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போவதென்றால் கொழுக்கட்டையும் இட்லியும் ஆறவிட்டு, வீட்டுச் சாப்பாட்டுப் பெட்டியில் வையுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து நொளுநொளுக்கும். தேங்காய்ச் சம்பலும் சொதியும் கட்டாதீர்கள், பஸ் வெக்கையில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளப் பிள்ளைக்குச் சீனி, பெரியவருக்கு வீட்டில் இருந்து கொண்டுபோன இட்லிப்பொடி போதும். காலை எட்டுக்கு வாங்கினது பதினொன்றுக்குள் முடிந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.