கொல்லிமலையில் இரண்டு இரவுகள்: அறை சுமார், சாமைச் சோறு அருமை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறுபவர்களில் பெரும்பாலோர், ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீஸ்வரர் கோயிலையும் பார்த்துவிட்டு அன்று மாலையே இறங்கிவிடுகிறார்கள். கடந்த தை மாதம் நானும் என் கணவரும், செம்மேட்டிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரில், ஒரு குடும்பத்தினர் தம் வீட்டை ஒட்டிக் கட்டியிருக்கும் அறையில் இரண்டு இரவுகள் தங்கினோம். மூன்று வேளை உணவு உட்பட ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,400 ரூபாய் கட்டணம். அவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தோடு தொடர்புபடுத்த வேண்டாம், அவர்கள் பேசுவது தமிழே.

இந்த அறையை எங்களுக்குப் பதிவு செய்து தந்த முகவரின் விளம்பரப் படத்தில் புல் வேய்ந்த மண் வீடு இருந்தது. நாங்கள் தங்கியதோ சிமெண்டுச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட அறை. எங்களுக்கு முன் தங்கியவர்கள் இதைப் பெரிய ஏமாற்றமாகச் சொல்லிச் சண்டையிட்டார்களாம். மழைக்காலம் தோறும் ஒழுகும் கூரையின் கீழ் நாம் இருக்க மாட்டோம், அவர்கள் மட்டும் நம் கண்ணுக்கு அழகாக அதிலேயே இருக்க வேண்டுமா? படம் பொய் என்பது முகவரின் குற்றம். வீட்டுக்காரர்கள் மேல் எனக்குக் குறையில்லை.

மதிப்பெண் முழுவதையும் நான் சமையலுக்கே தருவேன். முதல் நாள் மதியம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும், இரவு கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் கிடைத்தன. எங்கள் ஊர்க் கடைகளில் வாங்கும் சாமை வெண்மையாக, உப்புமாவுக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்கும். இங்கே கிடைத்தது தவிட்டு நிறத்தில், மெல்ல மெல்ல இனிக்கும் சோறு. காரணத்தை மறுநாள் காலையில்தான் கண்டேன். வெயிலில் காயவைத்த சாமையைத் தரையில் பதித்த கல்லுரலில் இட்டு, இரண்டு பெண்கள் மாறி மாறி உலக்கை போட்டார்கள். பிறகு முறத்தில் புடைத்து உமியை ஊதித் தள்ளிவிட்டு, மீண்டும் உரலில் இட்டார்கள். கடுகைவிடச் சற்றே பெரிய அந்தத் தானியத்தின் உமி அவ்வளவு எளிதில் விடுவதில்லை. "மூணு தடவ குத்திப் புடைச்சாத்தானுங்க சோறு, அவசரப்பட்டா நொய்யாப் போயிரும்" என்றார் வீட்டுக்கார அக்கா. நானும் உலக்கையைப் பிடித்துப் பார்த்தேன்; பத்து நிமிடத்தில் உள்ளங்கை சிவந்துவிட்டது.

இந்த உழைப்புதான் மலையில் சாமை குறைந்ததற்கும் ஒரு காரணம். மரவள்ளிக்கு உரலும் வேண்டாம், முறமும் வேண்டாம். பிடுங்கி லாரியில் ஏற்றினால் சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் பணம் தந்துவிடும். ரேஷன் அரிசியும் வந்த பிறகு, நாள்தோறும் குத்திச் சமைக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானிய விதைகளைக் காப்பதோடு, உமி நீக்கும் இயந்திரங்களை ஊர்களுக்குக் கொண்டுவந்ததும் இதைப் புரிந்துகொண்டதால்தான். அந்த அக்காவின் வீட்டிலும் விற்பனைக்கான சாமை இயந்திரத்துக்குத்தான் போகிறது. உரலில் குத்துவது வீட்டுக்கும் விருந்தாளிக்கும் மட்டும். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று அவர்கள் பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டியபோது எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. தானியம் சேமிக்க மூங்கிலால் முடைந்து மண்ணும் சாணமும் பூசிய தொம்பை ஒன்று இன்னும் மூலையில் நிற்கிறது, பாதிக்குமேல் காலியாக.

குறைகளும் உண்டு. கழிப்பறை தூய்மையாக இருந்தாலும் வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளியிருக்கிறது; தை மாதப் பனியில் இரவில் எழுந்து போவது வயதானவர்களுக்குக் கடினம். கொடுத்த கம்பளி ஒன்று போதவில்லை. இரண்டாம் நாள் இரவு முகவர் ஏற்பாடு செய்த 'பழங்குடி நடனம்' எனக்குப் பிடிக்கவில்லை. நாள் முழுதும் மிளகு பறித்துவிட்டு வந்தவர்களை ஒலிபெருக்கிக்கு முன் நிறுத்தி ஆடச் சொல்வது கலை ஆகாது. அதற்காக வாங்கிய 500 ரூபாயில் ஆடியவர்களுக்கு எவ்வளவு போனது என்று கேட்டதற்கு முகவர் விடை சொல்லவில்லை. பதிவு செய்யும்போதே அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும் காப்பித் தோட்டத்தில் அக்காவின் மாமியாரோடு நடந்தால், எந்தக் கீரை எதற்கு உதவும் என்று அவரே சொல்லிக்கொண்டு வருவார்.

புறப்படும்போது இரண்டு கிலோ சாமை அரிசியும் அரைக் கிலோ மிளகும் வாங்கினோம். மிளகின் காரம் இன்னும் சமையலறையில் மணக்கிறது. சாமையில் பொடிக்கல் இருந்தது. களத்து மண்ணோடு வருவதால் இது இயல்பு, இரண்டு முறை நீரில் அரித்து எடுத்தால் போதும். தவிடு நீங்காத அரிசி என்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை வந்துவிடும். மொத்தமாக வாங்க வேண்டாம். உமியோடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாதாம், ஆனால் அதைக் குத்த உங்கள் வீட்டில் உரல் இருக்க வேண்டும். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரை பங்கு தண்ணீர் விட்டு மண்சட்டியில் வேகவைத்தபோது, மலையில் உண்ட சுவையில் முக்கால் பங்கு திரும்பக் கிடைத்தது. மீதிக் கால் பங்குக்காக ஆடியில் மறுபடியும் போகிறோம். இம்முறை முகவர் இல்லாமல், அக்காவிடமே நேரில் பேசி வைத்திருக்கிறோம்.