இ-மைக்ரேட் சைட்டு – வெளிநாட்டு வேலைக்கு கெளம்புதவங்க கண்டிப்பா பாருங்க (4/5)

வெளியுறவுத்துறை நடத்துத சைட்டு இது. லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் யாருன்னு காசில்லாம பாத்துக்கலாம். எங்க சித்தப்பா மவன் குவைத்துக்கு டிரைவர் வேலைன்னு திருநெல்வேலி வண்ணார்பேட்டை பக்கம் ஒரு ஏஜென்டுகிட்ட போனான், அவரு ஒன்றரை லட்சம் கேக்காரு, வாசல் போர்டுல வெறும் கன்சல்டன்சின்னு போட்டுருக்கு, கண்ணாடில பிளைட் படம் ஒட்டிருக்கு, ஆர்சி நம்பர், அதான் அரசு குடுக்குத ஏஜென்ட் பதிவு நம்பர், அது மட்டும் எங்கயும் இல்ல. சைட்டுல தேடுனா அப்படி ஒரு பேரே லிஸ்ட்ல கெடையாது, நல்லவேளை அட்வான்ஸ் குடுக்கல.

1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு இல்லாம வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கக் கூடாது மக்கா. பதிவு உள்ளவங்களே சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதுக்கு ரசீது கேளுங்க. பத்தாவது முடிக்காம இசிஆர் பாஸ்போர்ட்ல (வேலைக்கு போக அரசு அனுமதி வேணும்னு உள்ள பாஸ்போர்ட்) வளைகுடாவுக்கு வேலைக்கு போறவங்களுக்கு இந்த சைட்டு வழியாத்தான் அந்த அனுமதி (கிளியரன்ஸ்), கூடவே 10 லட்சம் இன்சூரன்ஸ், 2 வருசத்துக்கு பிரீமியம் 275 ரூபாதான். இத எந்த புரோக்கரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டான்.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, நேர்ல போய் கேக்கணும்னா குடிபெயர்வோர் பாதுகாப்பு ஆபீஸ் சென்னையில இருக்கு. மேலப்பாளையத்துல இருந்தும் கடையநல்லூர்ல இருந்தும் வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டுல கெடக்காவ, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல அரசு சம்பளத்துல ரெண்டு பேர உக்கார வச்சு அக்ரிமென்ட்ட படிச்சு வெளக்கச் சொன்னா எத்தன குடும்பம் கடன்ல விழாம தப்பிக்கும், அதுக்கு அரசு நிதி ஒதுக்கியே ஆவணும்.