எண்ணெய் குடிக்காத மெஷின் வாள்: எல்லை தாண்டி வாங்கியவர்கள் கவனத்துக்கு

போன வாரம் களியக்காவிளையிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பையனின் மடியில் ஒரு நீள அட்டைப் பெட்டி இருந்தது. பார்த்ததுமே தெரிந்தது, மரம் அறுக்கும் மெஷின் வாளுக்கான பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீள இரும்புத் தகடு.

"எத்தனையாவது பார் தம்பி?" என்றேன்.

"மூன்றாவது அண்ணா. ரப்பர் பால் ஒட்டுவதால் சீக்கிரம் தேய்கிறது என்று கடையில் சொன்னார்கள்."

"செயின் ஆயில் எவ்வளவு போகிறது?"

"அதுதான் இந்த மெஷினில் எனக்குப் பிடித்ததே. ஆயிலே கேட்பதில்லை."

பில்லை வாங்கிப் பார்த்தேன். நான் வாங்கிய அதே கடை. விஷயத்தைப் பாதி சொல்வதற்குள் அவன் இறங்கும் இடம் வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவனைப் போல இன்னும் எத்தனை பேர் பெட்டியோடு பஸ் ஏறுகிறார்களோ.

குலசேகரம் பக்கம் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ரப்பர் மரம் வெட்டும் வேலை எடுக்கிறோம். இருபது இருபத்தைந்து வருடம் பால் கொடுத்து ஓய்ந்த தோட்டங்களை வெட்டி, மறுநடவுக்கு இடம் ஒழித்துக் கொடுப்போம். தடி பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளுக்குப் போகிறது. தேக்கு போல ரப்பர் மரம் காத்திருக்காது. வெட்டிய சில நாட்களிலேயே தடியில் நீலக் கறை பாயும், வண்டு துளைக்கும், விலை பாதியாகும். அதனால் மெஷின் ஒரு நாள் படுத்தால் மூன்று வீட்டில் அடுப்பு யோசிக்கும். லாரிக்காரர் ஏசுவது தனி.

கேரள எல்லைக்கு அப்பால் உள்ள அந்தக் கடையில் 38,500 ரூபாய்க்கு மெஷின் வாங்கினேன். வாசலில் "அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ்" என்று ஆள் உயரப் பலகை. வாரண்டி அட்டையில் ஆறு மாதம் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரமே அறுப்பு கோணத் தொடங்கியது. நேராகப் பிடித்தாலும் வாள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அறுத்த முகம் வாழை மட்டை போல வளைந்து வந்தது. பாரைக் கழற்றிப் பார்த்தால் செயின் ஓடும் காடியின் ஒரு விளிம்பு தேய்ந்து தாழ்ந்திருந்தது. சூடேறிய இரும்பு போல அந்த இடம் நீலமாக இருந்தது.

கடைக்குக் கொண்டு போனேன். "சேட்டா, பார், செயின், செயினைச் சுற்றும் ஸ்ப்ராக்கெட் சக்கரம் மூன்றும் தேயும் பொருட்கள். அவற்றுக்கு வாரண்டி கிடையாது" என்றார் கடைக்காரர். இதில் பொய் இல்லை. எந்தக் கம்பெனி அட்டையிலும் அப்படித்தான் இருக்கும். அந்த உண்மைக்குப் பின்னால்தான் மற்றதெல்லாம் ஒளிந்திருந்தது. நானும் நம்பினேன். பால் பிடிக்கும் சிரட்டையைக் கட்டிய பழைய கம்பி மரத்துக்குள் புதைந்து கிடக்கும், மழைக்காலத்தில் பால் வெட்டும் இடம் நனையாமல் பிளாஸ்டிக் ஒட்டப் பூசிய தார் பட்டையில் இருக்கும், இரண்டும் செயினின் பல்லைக் கெடுக்கும். நம் தொழிலே அப்படித்தான் என்று 4,200 ரூபாய் கொடுத்துப் புதுப் பாரும் செயினும் வாங்கினேன். அடுத்த மாதம் அதே நீலம், அதே கோணல். இந்த முறை "நீங்கள் செயின் பல்லுக்கு அரம் போடுவது சரியில்லை" என்றார். பல்லின் நீளத்தை வெர்னியர் அளவுகோல் வைத்து இரண்டு பக்கமும் அளந்து காட்டினேன், முடி அளவு வித்தியாசம் இல்லை. அவர் வெர்னியரைப் பார்க்கவே இல்லை, பில் புத்தகத்தைத்தான் எடுத்தார்.

மார்த்தாண்டத்தில் இருபது வருடமாக இந்த வேலை செய்யும் ஒரு மெக்கானிக் அண்ணன், மெஷினைத் தொடாமலே ஒரு கேள்வி கேட்டார். "பெட்ரோல் டேங்க் ஒருமுறை காலியாகும்போது செயின் ஆயில் டேங்க் எந்த அளவில் இருக்கிறது?" மூன்று டேங்க் பெட்ரோலுக்கும் ஆயில் பாதி மிச்சம் இருக்கும் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார்.

பெட்ரோல் டேங்கும் ஆயில் டேங்கும் ஏறக்குறைய சேர்ந்தே காலியாக வேண்டும். அந்த எண்ணெய்தான் பாரின் காடிக்குப் போய் செயினை வழுக்கி ஓடச் செய்கிறது. அது வராவிட்டால் இரும்போடு இரும்பு உரசி, விளிம்பு நீலமாகி, செயின் நீண்டு, பார் தேயும். சோதிக்கப் பட்டறை வேண்டாம். பழைய சிமென்ட் சாக்குக் காகிதத்தை விரித்து, பாரின் நுனியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினால், காகிதத்தில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். என் மெஷினில் ஒரு பொட்டுகூட விழவில்லை. ஆயில் பம்பைச் சுற்றும் பிளாஸ்டிக் வார்ம் கியர் பல் போயிருக்கும் என்றார். அது தேயும் பொருள் அல்ல, வாரண்டியில் வர வேண்டியது. என்னிடம் இரண்டு முறை பார் விற்ற கடையில் ஒருவர்கூட அந்தக் காகிதத்தை விரிக்கவில்லை.

இதைச் சொன்னதும் கடைக்காரர் மறுக்காமல் மெஷினை வாங்கிக்கொண்டார். இங்கேதான் என் தவறு தொடங்குகிறது. வேலைச் சீட்டு கேட்கவில்லை. அவர் ஒரு விசிட்டிங் கார்டின் பின்னால் தேதி எழுதிக் கொடுத்தார், நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நாளை என்றது ஒன்பது நாள் ஆனது. வாரண்டி வேலைக்குக் கூலி 650 வாங்கினார். பழைய கியரைக் கேட்டபோது குப்பையில் போட்டதாகச் சொன்னார். ஒருநாள் போனபோது பட்டறைப் பையன் ஸ்க்ரூடிரைவரை விட்டு எதையோ நெம்பிக்கொண்டிருந்தான். அது என் மெஷின் என்பது அப்போது தெரியாது.

வாங்கி வந்த பிறகு ஆயில் நன்றாக வந்தது. ஆனால் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் வேகம் உடனே இறங்கவில்லை, இரைச்சல் சற்று நேரம் மேலேயே நின்றது. புது உற்சாகம் என்று நினைத்தேன். நான்காவது நாள் ஒரு மரம் பாதி அறுபட்ட நிலையில் எஞ்சின் இறுகி நின்றது. அந்த மரத்தை ஆப்பு வைத்து, கோடாலியால் வெட்டி, கயிறு கட்டிச் சாய்த்த கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மறுபடி அதே கடை. நான் இல்லாத நேரத்தில் எஞ்சினைப் பிரித்துவிட்டு, பிறகு கூப்பிட்டு பிஸ்டனைக் காட்டினார்கள். சைலன்சர் பக்கம் முழுக்கக் கீறல். "பெட்ரோலில் எண்ணெய் கலக்காமல் ஓட்டியிருக்கிறீர்கள், வாரண்டி போய்விட்டது, பிஸ்டனும் சிலிண்டரும் மாற்ற 11,800." நான் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி ஆயில் (இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெய்) அளந்து ஊற்றுகிறவன், அதாவது ஐம்பதுக்கு ஒன்று. கேனில் மிச்சமிருந்த கலவையை, எண்ணெயின் நிறத்தோடு கொண்டுபோய்க் காட்டினேன். உடனே பேச்சு மாறியது, இப்போது குற்றவாளி எத்தனால். இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை நாள்பட வைத்தால் ஈரம் இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் என் கேன் மூன்று நாளில் காலியாகிவிடும்.

பிரித்த மெஷினைச் சாக்கில் கட்டி மார்த்தாண்டத்துக்குத் தூக்கிப் போனேன். அண்ணன் முதலில் பார்த்தது கிராங்கின் (எஞ்சினின் சுழலும் தண்டு) கிளட்ச் பக்கத்து ஆயில் சீல், உள்ளே காற்று புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம். அதன் உதட்டில் நகம் பதிந்தது போல ஒரு வெட்டு. எங்கள் மெஷினில் ஆயில் பம்ப் கிளட்சுக்குப் பின்னால் இருக்கிறது, அதற்கும் பின்னால் இந்த சீல். பழைய கியரை நெம்பி எடுத்த ஸ்க்ரூடிரைவர் சீலையும் கிழித்திருக்கிறது. அந்தக் கிழிசல் வழியே காற்று புகுந்தால் பெட்ரோலின் அளவு குறைகிறது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெயே பெட்ரோலோடுதான் வருகிறது, ஆகவே அதுவும் குறைகிறது. எஞ்சின் சூடேறி, வெப்பம் அதிகமுள்ள சைலன்சர் பக்கம் முதலில் தீய்கிறது. வேகம் இறங்காமல் நின்றதற்கும் அதுவே காரணம். "எண்ணெயே கலக்கவில்லை என்றால் கீழே பேரிங்கும் வறண்டிருக்க வேண்டும். இங்கே எண்ணெய் மினுமினுக்கிறதே" என்று விரலில் தொட்டுக் காட்டினார். படம் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் சாக்கில் பிஸ்டனும் சிலிண்டரும் இல்லை. கம்பெனிக்கு ஆய்வுக்கு அனுப்பியதாகக் கடையில் சொன்னார்கள். கம்பெனிக்கு எழுதினேன், அப்படி எதுவும் வரவில்லை என்று பதில் வந்தது. மறுபடி கடையில் கேட்டால், பழைய இரும்புக்காரன் எடுத்துப் போயிருப்பான் என்கிறார்கள். "தொழிலுக்கு வாங்கிய மெஷின், நீங்கள் நுகர்வோரே அல்ல, வேண்டுமானால் திருவனந்தபுரத்தில் வழக்குப் போடுங்கள்" என்பது கடைசியாகக் கேட்ட பேச்சு.

இரண்டும் தவறு என்று நாகர்கோவிலில் ஒரு வக்கீல் விளக்கினார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் தானே பயன்படுத்த வாங்கியவரும் நுகர்வோர்தான். கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும், புகார் செய்பவர் வசிக்கும் மாவட்டத்தின் குறைதீர் ஆணையத்திலேயே மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாரண்டி இருக்கிறதா என்பது ஒரு பக்கம், பழுது பார்க்கிறேன் என்று இன்னொன்றைக் கெடுத்தது சேவைக் குறைபாடு என்பது வேறு. 1915 என்ற எண்ணில் கூப்பிட்டால் தேசிய உதவி மையம் முதலில் சமரசம் பேசிப் பார்க்கிறது. என் விஷயத்தில் கடைக்காரர் அதற்குப் பதிலே சொல்லவில்லை, மனு போட்டிருக்கிறேன். கையில் இருப்பவை இரண்டு பார் பில்கள், கிழிந்த சீல், சில படங்கள், பின்பக்கம் தேதி எழுதிய ஒரு விசிட்டிங் கார்டு. வேலைச் சீட்டும் பிஸ்டனும் இருந்திருந்தால் வக்கீல் இவ்வளவு நேரம் தாடையைத் தடவியிருக்க மாட்டார்.

அந்தப் பக்கம் எந்தக் கடையிலாவது இப்போது மெஷினை விட்டு வைத்திருப்பவர்கள் நாளைக் காலையிலேயே போங்கள். என்ன குறை சொல்லிக் கொடுத்தீர்கள் என்று எழுதி, முத்திரையோடு சீட்டு வாங்குங்கள். எஞ்சினைப் பிரிப்பதானால் உங்கள் முன்னால்தான் பிரிக்க வேண்டும், கழற்றிய பழைய பாகம் திரும்ப வேண்டும் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். அருமனைப் பக்கம் இறங்கிய அந்தத் தம்பி இதைப் படித்தால், புதுப் பாரை மாட்டுவதற்கு முன் ஒரு சிமென்ட் சாக்கைக் கிழித்துக் காகிதத்தை விரித்துப் பார்க்கவும்.