ஆறு செதுக்கும் நிலம்: களிமண் மாதிரியா, மணல் தட்டா, கணினியா?

அரித்தலையும் படிதலையும் மாணவர்களுக்கு விளக்க எந்த மாதிரி நல்லது என்று கேட்டால், என் தேர்வு மணல் தட்டுதான்.

களிமண்ணிலும் தெர்மகோலிலும் செய்யும் மாதிரி கண்காட்சிக்கு அழகு. டெல்டாவின் வடிவம் அதில் தெரியும், அது உருவான விதம் தெரியாது.

மணல் தட்டில் அந்த விதமே கண்முன் நடக்கிறது. தட்டைச் சற்றுச் சாய்த்து, ஈர மணலைப் பரப்பி, மேல் முனையில் மெல்லிய குழாயால் தண்ணீர் விடுங்கள். மேலே பள்ளம் விழும். அடித்து வந்த மணல், கீழே தேங்கிய நீரைத் தொட்டதும் வேகம் குறைந்து விசிறியாகப் படியும். மேலே குறைந்ததுதான் கீழே சேர்ந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம் கீழ்முனை நீர்மட்டத்தை இறக்கிப் பாருங்கள். தான் போட்ட டெல்டாவையே ஆறு வெட்டிக்கொண்டு இறங்கும்!

ஆனால் வளைந்தோடும் ஆற்றையோ, அதிலிருந்து துண்டாகி ஏரியாக நிற்கும் வளைவான குருட்டு ஆற்றையோ இதில் எதிர்பார்க்காதீர்கள். வெறும் மணலில் கரை நிற்காது. ஓடை அகன்று பல கிளைகளாகப் பிரிந்துவிடும். வளைவு நிலைக்கக் கரைக்குப் பிடிமானம் வேண்டும். 2009இல் வெளியான, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வில், குதிரைமசால் விதைகளை முளைக்க வைத்து அந்த வேர்ப்பிடிப்பில்தான் வளைந்தோடும் ஆற்றை ஆய்வகத்தில் நிலைக்கச் செய்தார்கள்.

அளவும் ஒரு சிக்கல். ஆற்றைச் சுருக்கலாம், மணல்துகளை அதே விகிதத்தில் சுருக்க முடியாது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மிசிசிப்பி மாதிரியில் கிடைமட்ட அளவு 1:6000, செங்குத்து அளவு 1:400. அங்கே வண்டலுக்குப் பதிலாக எடை குறைந்த பிளாஸ்டிக் துகள்களை விடுகிறார்கள். ஆற்றின் ஓராண்டு ஒரு மணி நேரத்தில் ஓடிவிடுகிறது.

மணலையும் கணினியையும் சேர்த்த கருவியும் உண்டு: மணல் பெட்டியின் மேல் ஒளிப்படம் விழும் ஏஆர் சாண்ட்பாக்ஸ், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உருவானது. கினெக்ட் கேமரா மணலின் உயரத்தை அளக்க, புரொஜெக்டர் சமஉயரக் கோடுகளை அதன் மேல் வரையும். கையை மேலே நீட்டினால் ஒளியால் ஆன மழைகூடப் பெய்யும். ஆனால் அந்த மழை ஒரு மணல்துகளையும் நகர்த்தாது. வரைபடம் படிக்கக் கற்றுத்தர அருமையான கருவி, அரிப்பைக் காட்ட உதவாது.

கணினியின் பலம் காலம். லேண்ட்லேப் போன்ற இலவச மென்பொருளில் லட்சம் ஆண்டுகளைச் சீக்கிரம் ஓட்டிப் பார்க்கலாம். சரிவு, மழை, பாறையின் உறுதி ஆகியவற்றில் ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டலாம். மணல் தட்டில் இரண்டு முறை ஒரே மாதிரி வராது. ஆனால் நாம் கொடுத்த சமன்பாட்டைத் தாண்டி எதையும் கணினி காட்டாது. பதினொன்றாம் வகுப்புக்கு மேல் என்றால், தட்டில் பார்த்ததைக் கணினியில் சோதிக்கச் சொல்வேன். அதற்குக் கீழே மணலும் தண்ணீரும் போதும்.