மாட்டுங்கா ராம நாயக்கில் ஒரு இலைச் சாப்பாடு

"அக்கா, முதல் சம்பளம் வந்தாச்சு, எங்கே ட்ரீட் வைக்கலாம்?" என்று எங்கள் ஆபீசில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்டால், நான் சொல்வது ஒரே இடம்தான். மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எதிரே, மார்க்கெட் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கும் ஏ. ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். 1942-இல் ஆரம்பித்த கடை. உடுப்பிக்காரர் கடைதான் என்றாலும், மும்பைத் தமிழர்களுக்கு அது சொந்த ஊர்ப் பந்தி மாதிரி.

வழி தவறாதீர்கள். சென்ட்ரல் லைனில் ஸ்லோ ட்ரெயின் பிடித்து மாட்டுங்காவில் இறங்க வேண்டும். மாட்டுங்கா ரோடு என்பது வெஸ்டர்ன் லைனில் இருக்கும் வேறு ஸ்டேஷன். நீங்கள் இறங்கும் ஸ்டேஷனை 2017-லிருந்து முழுக்கப் பெண்களே நடத்துகிறார்கள். என்னோடு வரும் பெண் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் நான் படியேறுவதில்லை.

கூப்பன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் வாழையிலை வரும். பொரியல், கூட்டு, அப்பளம், சூடாகப் பூரி, அப்புறம் சாதம். சாம்பாரில் வெல்லம் லேசாகத் தெரியும். திருநெல்வேலி நாக்குக்கு முதல் வாயில் அது கொஞ்சம் இடறும், இரண்டாவது வாயில் சரியாகிவிடும். எனக்கு ரசம்தான் முக்கியம். சாதத்தில் குழி பண்ணி வைத்தால், பரிமாறுகிறவர் சொட்டுக்கூட இலையில் ஓடாமல் ஊற்றுவார். மிளகு, பெருங்காயம், தக்காளி, எதுவும் எதையும் அமுக்காது. மழைக்காலத்தில் ஒரு முறை ஊற்றியது போதாது. கேட்டால் முகம் சுளிக்காமல் மறுபடி ஊற்றுகிறார்கள். தயிர் புளிக்காமல் கெட்டியாக இருக்கிறது.

சாப்பிட்டு முடித்துச் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் பரபரப்பாகத் துடைக்கவும் இல்லை. யார் வந்து பார்த்தாலும் அந்த அடுப்படி அப்படியேதான் இருக்கும் என்று புரிந்தது.

நான் பிள்ளைகளை இங்கே கூட்டிவருவதற்குக் காரணமே அதுதான். நாங்கள் தணிக்கை வேலை செய்கிறவர்கள். அந்த அடுப்படி மாதிரியே எங்கள் கோப்பும் யார் வந்து பார்த்தாலும் தெளிவாக இருக்க வேண்டும். செய்த வேலையை எப்படி எழுதி வைக்க வேண்டும் என்பதற்கு எங்கள் தொழிலில் எஸ்.ஏ. 230 என்று ஒரு தரநிலை உண்டு. அந்தக் கணக்கோடு முன்பின் தொடர்பே இல்லாத அனுபவமுள்ள ஆடிட்டர் ஒருவர் கோப்பைத் திறந்தாலும், என்ன பார்த்தோம், எதை வைத்து முடிவுக்கு வந்தோம் என்று அவருக்குப் புரிய வேண்டும். நீங்கள் லீவில் போன அன்று, உங்களுக்கு ஒரு போன்கூடப் போடாமல் இன்னொருவர் உங்கள் கோப்பை எடுத்து வேலையைத் தொடர முடிகிறதா? படித்து முடித்து வந்த முதல் இரண்டு மூன்று வருஷத்தில் வெற்றி என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பதவி அப்புறம் வரட்டும்.

போன தடவை கூட வந்த தம்பி பி.காம் முடித்தவன், தூத்துக்குடிப் பக்கம். கூடப் படித்தவனுக்குப் பெங்களூரில் வருஷத்துக்கு ஆறு லட்சம் பேக்கேஜ் என்று இலையைப் பார்த்தபடியே சொன்னான். ஆறு லட்சம் என்றால் மாதம் ஐம்பதாயிரம் கையில் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அந்தத் தொகைக்குள் கம்பெனி கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு இருக்கும், பல இடங்களில் வேலையை விட்டுப் போகும்போது தரும் கிராஜுவிட்டியும், வருமோ வராதோ என்கிற இன்சென்டிவும் சேர்ந்திருக்கும் என்று விளக்கினேன். ஆனால் அவனை நிமிர வைத்தது அந்தக் கணக்கு இல்லை. அதற்கு முந்தின வாரம் அவன் எழுதிய ஸ்டாக் (சரக்கு இருப்பு) சரிபார்ப்புக் குறிப்பை எங்கள் நிறுவனத்தின் பார்ட்னர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கையெழுத்திட்டதை நான் சொன்னபோதுதான் முகம் தெளிந்தது. அதுவரை அது ஒரு பெரிய விஷயம் என்று அவனுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. சீனியர்களே, தயவுசெய்து சொல்லுங்கள்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெரிய பீட்சாவுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகவே வயிறு நிறையும். பக்கத்திலேயே வி.ஜே.டி.ஐ. இன்ஜினீயரிங் கல்லூரி, ரூயா கல்லூரி எல்லாம் இருப்பதால் மாணவர்கள் நிறைய வருகிறார்கள். ரிட்டயரான தாத்தாக்களும் அதே வரிசையில்தான் உட்காருகிறார்கள். திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு மதியம் கூட்டம் அதிகம், பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். கூப்பனை மட்டும் நீங்களே வாங்குங்கள்.