முதல் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு ஹனோய்: இருந்து பார்த்து எழுதும் மதிப்புரை

வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லித்தரும் முதல் வேலைக்கு எந்த ஊருக்குப் போகலாம் என்று யார் கேட்டாலும் வியட்நாம் தலைநகரம் ஹனோய் என்றுதான் சொல்கிறேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண். குறைத்த ஒன்று அந்த ஊர்க் காற்றுக்காக. அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஏரிகளும் முட்டைக் காபியும் பழைய தெருக்களும் அங்கே உண்டுதான். ஆனால் ஊரைச் சுற்றிப் பார்க்கப் போவது வேறு, தொழில் கற்றுக்கொள்ளப் போவது வேறு. முதல் வருஷத்தில் இரண்டு விஷயம் கட்டாயம் வேண்டும். நம் வகுப்பில் வந்து உட்கார்ந்து, என்ன செய்கிறோம் என்று பார்த்துச் சொல்ல ஒரு மூத்த ஆசிரியர் வேண்டும். வேலை சரியில்லை என்றால் ஊரை விட்டுக் கிளம்பாமலே வேறு இடத்துக்கு மாற வழி வேண்டும். இந்த இரண்டையும் வைத்துத்தான் ஊர்களை எடைபோட்டேன்.

நாம் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் நம் பாஸ்போர்ட் பாதியை முடிவு செய்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். தென் கொரியாவின் ஈ-2 ஆசிரியர் விசா பெரும்பாலும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். என்னுடையது அந்தப் பட்டியலில் இல்லை. சியோலும் பூசானும் முதலிலேயே கழிந்தன. சீனாவில் 2021 ஜூலையில் வந்த, வீட்டுப்பாடத்தையும் தனிப் பயிற்சியையும் குறைக்கும் ‘இரட்டைக் குறைப்பு’க் கொள்கைக்குப் பிறகு பள்ளிக்கு வெளியே பாடம் நடத்தும் மையங்கள் ஏராளமாக மூடப்பட்டன. ஷாங்காயிலும் பெய்ஜிங்கிலும் புதியவர்கள் நுழைய வழியாக இருந்தவை அந்த மையங்கள்தான்.

வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு வரவழைக்கும் ஜப்பான் அரசின் ஜெட் திட்டம் 1987-லிருந்து நடக்கிறது. நல்ல திட்டம், ஆனால் எந்த ஊர் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். விருப்பத்தை எழுதிக் கொடுக்கலாம். டோக்கியோ கேட்டவருக்கு மலையோரத்துச் சிற்றூர் கிடைக்கலாம். அதோடு, ஜெட்டில் பெரும்பாலோர் துணை ஆசிரியர்கள். ஸ்பெயின் அரசுப் பள்ளிகளின் உரையாடல் உதவியாளர் வேலையும் அப்படித்தான். மாட்ரிட் பகுதியில் மாதம் 1000 யூரோ தருகிறார்கள், வேலை நேரமும் குறைவு. மெதுவாகப் பழக நினைப்பவர்களுக்கு இவை பொருந்தும். ஒரு பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை நாமே திட்டமிட்டு, நாமே நடத்தி, அது ஏன் ஓடவில்லை என்று நாமே கண்டுபிடிக்கும் பயிற்சி அங்கே குறைவு. செக் நாட்டின் பிராகில் தொழில் உரிமம் எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போய்ப் பெரியவர்களுக்குச் சொல்லித்தருவது வழக்கம். டிராமிலேயே பாதி நாள் போகும், சக ஆசிரியர்களைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். பாங்காக்கில் பள்ளி வேலை தாராளமாகக் கிடைக்கும். பள்ளி ஆண்டு மே மாதம் தொடங்குகிறது, வகுப்பில் நாற்பது பேர் இருப்பது சாதாரணம். புதியவரை அத்தனை பேர் முன்னால் தனியாக நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஹனோயில் மாலை நேர மொழி மையங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வார நாட்களில் மாலை ஐந்தரையிலிருந்து ஒன்பதுவரை, சனி ஞாயிறு காலையிலிருந்தே வகுப்பு. நண்பர்களுக்கு விடுமுறையாக இருக்கும் நேரமெல்லாம் நமக்கு வேலை நேரம். இதற்கு மனசு ஒப்பவில்லை என்றால் அந்த ஊர் பக்கமே போக வேண்டாம்.

மையங்களின் பலம் வகுப்பறைக்குள் தெரிகிறது. என் வகுப்பில் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் பதினாறு பேர், கூடவே ஒரு வியட்நாமியத் துணை ஆசிரியை. பாடப் பிரிவின் பொறுப்பாளர் மாதம் ஒருமுறை வந்து, பின்னால் பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். ஒரு தாளில் வகுப்பின் படத்தை வரைவார், பிள்ளைக்கு ஒரு கட்டம். யார் ஆங்கிலத்தில் வாய் திறந்தாலும் அவர் கட்டத்தில் ஒரு கோடு விழும். வகுப்பு முடிந்ததும் அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருப்பார். முன் வரிசையில் கோடுகள் குவிந்திருக்கும், ஜன்னலோரத்தில் இரண்டு கட்டங்கள் காலியாகக் கிடக்கும். அதற்கு அவர் தந்த யோசனை சின்னது: கேள்வியை முதலில் கேளுங்கள், பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற பதினைந்து பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். அடுத்த வாரமே ஜன்னலோரக் கட்டங்களில் கோடு விழுந்தது. இப்படிப் பார்த்துச் சொல்ல ஆள் இருக்கும் ஊரைத்தான் முதல் வேலைக்குத் தேட வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

துணை ஆசிரியையிடமும் நிறையக் கற்றேன். அங்கே பிள்ளைகள் சொல்லின் கடைசி மெய்யொலியை விழுங்கிவிடுவார்கள். லைக், லைட், லைஃப் மூன்றும் ஒரே மாதிரி காதில் விழும். கடைசி ஒலி வரும்போது மட்டும் விரலைச் சொடுக்க வைத்தார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, ஒலியும் தானாக வந்துவிட்டது.

அப்புறம் மாறும் வசதி. நான் முதலில் சேர்ந்த மையம் வகுப்பில் நிற்கும் மணிக்கு மட்டும்தான் சம்பளம் கணக்கிட்டது. மாணவர் வராமல் வகுப்பு ரத்தானால் ஒன்றும் கிடையாது. ஒரே மாலையில் நகரத்தின் இரு மூலைகளில் வகுப்பு போடுவார்கள், நடுவில் போகிற நேரம் நம் பாடு. வேலை அனுமதிக்கான காகிதங்களையும் இழுத்தடித்தார்கள். வேறொரு சின்ன ஊராக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும், அல்லது விமானம் ஏறியிருக்க வேண்டும். ஹனோயில் அதே வீட்டில் இருந்துகொண்டு, வாடகை ஒப்பந்தத்தைக்கூட மாற்றாமல், காவ் ஸாய் பகுதியில் வேறு மையத்துக்குப் போனேன். ஒரு எச்சரிக்கை: வேலை அனுமதி நம்மை வேலைக்கு வைத்த நிறுவனத்தோடு கட்டுண்டது. அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குத் தருவார்கள். மாறினால் புதிதாக எடுக்க வேண்டும், அதற்குப் பழைய மையம் விடுவிப்புக் காகிதம் தர வேண்டும். பட்டச் சான்றிதழின் அசலை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்; காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்பளத்தில் ஒரு அநியாயத்தையும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியான நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால் ஒரு தொகை, இல்லாவிட்டால் அதே வகுப்புக்குக் குறைந்த தொகை என்று விளம்பரத்திலேயே போடுகிற மையங்கள் இருக்கின்றன. நன்றாகச் சொல்லித்தருகிறவரைப் பாஸ்போர்ட்டை வைத்து அளப்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம். செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் கையில் இருந்தால் பேரம் பேச முடிகிறது. அது குறைந்தது 120 மணி நேரப் படிப்பு, அதில் 6 மணி நேரம் நிஜமான மாணவர்களுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். டிரினிட்டி கல்லூரி தரும் செர்ட்டெசால் சான்றிதழும் அதே தரம். ஒரு வார இறுதியில் ஆன்லைனில் முடிகிற மலிவுச் சான்றிதழ்களில் அந்த 6 மணி நேரம் இல்லை. நேர்முகத்தில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லும்போது அது தெரிந்துவிடும்.

தங்க இடம் பிரச்சினை இல்லை. டே ஹோ ஏரிப் பக்கம் வெளிநாட்டு ஆசிரியர்கள் நிறைய, வாடகையும் அதற்கேற்ப. மையங்களுக்குக் கிட்டே வேண்டுமென்றால் காவ் ஸாய். மேம்பால ரயில் 2021 நவம்பரில் ஒரு தடத்தில் வந்தது. 2024 ஆகஸ்டில் வந்த இன்னொன்று காவ் ஸாய்வரை வருகிறது. மற்றபடி எல்லாம் மோட்டார் சைக்கிள்தான். அங்கே செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஓட்டி அடிபட்டால் காப்பீடு கைவிட்டுவிடும், ஆகவே செயலியில் அழைக்கும் கிராப் பைக் டாக்சியில் பின்னால் உட்கார்ந்து போவது மேல்.

இப்போது காற்று. நவம்பரிலிருந்து மார்ச்வரை சில காலைகளில் எதிர்க் கட்டடமே மங்கலாகத் தெரியும். முகக்கவசமும் அறைக்கு ஒரு காற்றுச் சுத்திகரிப்பானும் ஆடம்பரமல்ல, வீட்டுச் சாமான் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் ‘நோம்’ என்று ஒரு பருவம்: ஈரம் தாங்காமல் தரையும் சுவரும் வியர்க்கும், துணி காயாது, புத்தக அட்டை பூஞ்சை பிடிக்கும். குளிர்காலத்தில் வீடுகளில் வெப்பமூட்டும் ஏற்பாடு கிடையாது, பத்துப் பன்னிரண்டு டிகிரியில் வகுப்புக்கு ஸ்வெட்டரோடு போக வேண்டியிருக்கும். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் தெற்கே ஹோ சி மின் நகரத்துக்குப் போய்விடுங்கள். மையங்கள் அங்கேயும் அதே அளவுக்கு உண்டு. முதல் மெட்ரோ தடம் 2024 டிசம்பரில் திறந்துவிட்டது, வருஷம் முழுக்கக் குளிரும் இல்லை. நான் சொன்ன இரண்டு தேவைகளும் அங்கேயும் நிறைவேறும்.

எனக்கு ஹனோய் கூடுதலாகப் பிடித்ததற்குப் பிள்ளைகள்தான் காரணம். நவம்பர் 20 அங்கே ஆசிரியர் தினம். தெருமுனையெல்லாம் பூக்கடை முளைத்துவிடும். வகுப்பில் ஒருநாளும் பேசாத பையன்கூட ரோஜாவை நீட்டிவிட்டு, தயார்செய்து வந்த ஒரு ஆங்கில வாக்கியத்தை முழுசாகச் சொல்லுவான்.

போவதென்று முடிவெடுத்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் மையத்திடம் கேட்க வேண்டியவை: என் வகுப்பை யார் வந்து பார்ப்பார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை? ரத்தான வகுப்புக்குச் சம்பளம் உண்டா? வேலை அனுமதிச் செலவு யாருடையது? விலகினால் விடுவிப்புக் காகிதம் எத்தனை நாளில் வரும்? அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒருவரின் வகுப்பில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கவும் கேளுங்கள். இதற்குத் தயங்குகிற மையத்தில் சேராதீர்கள்.

பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்குவதால் ஆகஸ்டில் ஆள் எடுப்பார்கள், டெட் என்ற வியட்நாமியப் புத்தாண்டு முடிந்ததும் இன்னொரு சுற்று. டெட்டுக்கு முந்தைய வாரங்களில் போய் இறங்க வேண்டாம். அந்த நாட்களில் மையங்கள் மூடிவிடும், மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு வருமானமும் இருக்காது, நேர்முகத்துக்கு அழைக்கவும் யாரும் இருக்க மாட்டார்கள்.